பிடிக்கவில்லையா, விடவில்லையா? பழைய காரின் கிளட்ச் கோளாறை அறிகுறியை வைத்தே கண்டுபிடிப்பது

கியர் பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்க முடியும். அதனாலேயே "எப்படியும் இறக்கத்தானே போகிறோம்" என்று முதல் நாளே இறக்கிவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. நானும் ஒருமுறை அப்படி இறக்கி, புது பிளேட், புது பிரஷர் பிளேட், புது பேரிங் எல்லாம் போட்டு ஏற்றினேன். ரிவர்ஸ் கியர் முன்பு கத்தியது போலவே கத்தியது. கடைசியில் பார்த்தால், கிளட்ச் பெடல் தொங்குகிற தகடு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டு, ஒவ்வொரு மிதிக்கும் வளைந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு நாள் முழுக்க உழைத்தது வீண்.

அன்று முதல், வெளியிலிருந்து பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடிக்காமல் கியர் பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதில்லை. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கிளட்சுக்கு இரண்டே வேலை. காலை எடுத்தால் பிடிக்க வேண்டும், மிதித்தால் விட வேண்டும். இன்ஜினோடு சுற்றுகிற பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. டயாஃப்ரம் ஸ்பிரிங் அதை இறுக்கி அழுத்திப் பிடித்திருக்கும். நாம் மிதிக்கும்போது ஃபோர்க் வழியாக ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி தளரும், பிளேட் தனியாகிவிடும்.

ஆகவே எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் கேளுங்கள்: பிடிக்கவில்லையா, விடவில்லையா? இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேடுகிற இடமே மாறிவிடும். "கிளட்ச் போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஸ்லிப் ஆகிற, அதாவது பிடிக்காமல் வழுக்குகிற கிளட்சும் கியர் விழாத கிளட்சும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான நோய்கள்.

அடுத்தது, உங்கள் வண்டியில் இருப்பது கேபிளா, ஹைட்ராலிக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெடலிலிருந்து கியர் பாக்ஸ் வரை ஒரு தடித்த உறை போட்ட கம்பி போனால் கேபிள். மெல்லிய குழாயும் ரப்பர் ஹோஸும் போனால் ஹைட்ராலிக். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதில் கிளட்சுக்குப் போகும் துவாரத்தை உயரத்தில் வைத்திருப்பார்கள். ஆயில் குறைந்தால் கிளட்ச் முதலில் போகட்டும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்பதற்காக. அதனால் அப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் திடீரென்று செத்தால் பிரேக் ஆயிலையும் உடனே பாருங்கள். கசிவு பிரேக் பக்கத்திலும் இருக்கலாம்.

இன்ஜின் ரேஸ் ஆகிறது, வண்டி போகவில்லை

மேடு ஏறும்போதோ, முந்துவதற்கு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ இன்ஜின் சத்தம் மட்டும் எகிறும், வேகமானி முள் நின்ற இடத்திலேயே நிற்கும். கூடவே கருகல் வாடை வரும். இது பிடிக்காத கிளட்ச்.

உறுதி செய்ய, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் நான்காவது கியரில் சுமார் 50 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் சுற்றும் வண்டியின் வேகமும் சேர்ந்தே மெல்ல ஏறும். சுற்று மட்டும் துள்ளி ஏறினால் ஸ்லிப். சுற்று காட்டும் மீட்டர் இல்லாத பழைய வண்டியிலும் காது போதும். ஸ்லிப் எப்போதும் மேல் கியரில்தான் முதலில் தலைகாட்டும். முதல் கியரில் சோதித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நின்றபடியும் சோதிக்கலாம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காவது கியர் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். அந்தச் சில நொடிகளிலேயே பிளேட் பயங்கரமாகச் சூடாகும்.

ஸ்லிப் என்று தெரிந்ததும் "பிளேட் தேய்ந்துவிட்டது" என்று முடிவுக்கு வரத் தோன்றும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் முதலில் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள். கேபிள் வண்டியில் பெடலைக் கையால் அழுத்தினால் ஆரம்பத்தில் கனமே இல்லாமல் கொஞ்ச தூரம் போக வேண்டும். பல வண்டிகளில் இது 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். தானாகவே சரிசெய்துகொள்ளும் அமைப்புள்ள வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிளேட் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும், அந்த இடைவெளி குறைந்துகொண்டே போகும். இடைவெளியே இல்லாமல் போனால், நீங்கள் காலை வைக்காதபோதும் கேபிள் கொஞ்சம் மிதித்தபடியே இருக்கும். நல்ல பிளேட்கூட அப்போது வழுக்கும், பேரிங்கும் ஓயாமல் சுற்றிச் சாகும். கேபிள் முனையில் உள்ள நட்டை இரண்டு சுற்று தளர்த்தினால் தீர்ந்துவிடுகிற ஸ்லிப்பும் உண்டு.

ஹைட்ராலிக் வண்டியில் இதே கதை வேறு வழியில் நடக்கும். மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் பக்கம் ஆயிலை அழுத்தும் சிலிண்டர்) ஆயில் திரும்பும் நுண்துளை அடைத்துக்கொண்டாலோ, ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கிக்கொண்டாலோ அழுத்தம் லைனிலேயே தங்கிவிடும். வண்டி சூடாகி ஸ்லிப் ஆகும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரின் (கியர் பாக்ஸ் பக்கம் ஃபோர்க்கைத் தள்ளும் சிலிண்டர்) பிளீட் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சியடித்து, அதன் பிறகு கிளட்ச் நன்றாகப் பிடித்தால் குற்றவாளி லைன்தான், பிளேட் அல்ல. நிப்பிளை இறுக்கி, ஆயில் அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் கீழே குனிந்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியைப் பாருங்கள். எண்ணெய் ஈரம் இருந்தால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கருத்து, வழவழப்பாக, எரிந்த வாடையோடு இருந்தால் இன்ஜின் ஆயில், அதாவது கிராங்க் பின்பக்க சீல். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில், கியர் பாக்ஸ் முன்பக்க சீல். எண்ணெய் குடித்த பிளேட்டைக் கழுவித் தேற்ற முடியாது. புது பிளேட் போட்டாலும் சீலை மாற்றாவிட்டால் அதுவும் சீக்கிரமே நனைந்துவிடும்.

எதுவும் இல்லை, பெடல் கிட்டத்தட்ட முழுதும் மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால், பிளேட் ஆயுள் முடிந்தது. ஸ்லிப் ஆகும் வண்டியை "இன்னும் கொஞ்ச நாள்" என்று ஓட்டாதீர்கள். பிளேட்டோடு போக வேண்டிய செலவு பிளைவீல் வரை போகும். அதன் முகம் நீலம் பாரித்து, மயிரிழை விரிசல்கள் விட்டுவிடும்.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் கத்துகிறது

இது விடாத கிளட்ச். நான் அதிகம் பார்த்ததும், தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான்.

முதல் சோதனை மிக எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது கியர் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கிளட்ச் விடவில்லை. அணைத்திருக்கும்போதும் முரண்டு பிடித்தால் கியர் ராடு, அதன் புஷ், அல்லது கியர் பாக்ஸ் உள்பக்கம். ஒரே ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் கத்தினால் அந்த கியரின் சிங்க்ரோ (கியர் விழுவதற்கு முன் சுற்று வேகத்தைச் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கும். கிளட்ச் விடாவிட்டால் எல்லா கியருக்கும் சேர்த்துத்தான் தொல்லை வரும், முதல் கியரிலும் ரிவர்ஸிலும் அதிகமாகத் தெரியும்.

அடுத்து ரிவர்ஸ் சோதனை. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ஐந்து எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. மிதித்த உடனே கியர் பாக்ஸின் ஷாஃப்ட் நின்றுவிடாது, சுற்றிய வேகத்தில் இரண்டு மூன்று நொடி சுற்றும். பழைய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அவசரமாகப் போட்டால் நல்ல கிளட்சும் கத்தும். ஐந்து எண்ணிய பிறகும் கத்தினால், பிளேட் இன்னும் பிளைவீலோடு ஒட்டிச் சுற்றுகிறது.

சரி, ஏன் விடவில்லை? காரணங்களைப் பெடலில் ஆரம்பித்து உள்நோக்கிப் போங்கள்.

பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடங்கிக் கிடக்கிறதா? சிரிக்க வேண்டாம், தடித்த புது மேட் போட்ட மறுநாள் "கியர் விழவில்லை" என்று வருகிற வண்டிகள் உண்டு. பெடல் தரைவரை போகாவிட்டால் கிளட்ச் முழுதாக விடாது. அப்புறம் பெடலின் பிவட் புஷ் தேய்ந்து பக்கவாட்டில் ஆடுகிறதா, பெடல் தாங்கும் தகட்டில் விரிசல் உண்டா என்று பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) கவனிக்க வேண்டும். கேபிளோ மாஸ்டர் சிலிண்டரோ பொருத்திய இடத்தில் தகடு முன்னால் வந்து போனால், உங்கள் மிதியில் பாதி அங்கேயே தீர்ந்துபோகிறது.

கேபிள் வண்டியில் ஃப்ரீ பிளே அளவுக்கு மேல் இருந்தால் இறுக்குங்கள். இறுக்கிச் சில நாளில் மறுபடி தளர்ந்தால், கேபிள் உள்ளே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கிறது. அது மொத்தமாக அறுவதற்குள் மாற்றிவிடுங்கள். ஒரே வண்டியில் கேபிள் திரும்பத் திரும்பக் கெட்டுப்போனால், உறை உருகியிருந்தால், இன்ஜினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் பட்டையைப் பாருங்கள். அது அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் வெந்துபோகும். எத்தனை கேபிள் போட்டாலும் பட்டையைச் சரிசெய்யும் வரை இது தீராது.

ஹைட்ராலிக் வண்டியில், பெடலை வேகமாக மூன்று நான்கு முறை அடித்துவிட்டு கியர் போடுங்கள். அப்போது கியர் விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒருவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடித்திருக்கட்டும். நீங்கள் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைப் பாருங்கள். வெளியே வந்த ராடு, கால் அசையாமல் இருக்கும்போதே மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ விடுகிறது. வெளியே ஈரமே இல்லை என்றால் மாஸ்டர் உள்ளுக்குள் விடுகிறது. ராடு நிலையாக நின்று, வெளியே வரும் தூரம் மட்டும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் காற்று.

ஈரத்தைத் தேட மூன்று இடங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் தூசி உறையைக் கொஞ்சம் நீக்கிப் பார்க்க வேண்டும், ஆயில் அதற்குள்ளேயே தேங்கி வெளியே தெரியாமல் இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கம் கசிந்தால் பெடல் ராடு வழியாக வண்டிக்குள் வழியும், விரிப்புக்கு அடியில் தடவிப் பாருங்கள். மூன்றாவது ரப்பர் ஹோஸ். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னால், வீங்குவதை விரலே சொல்லிவிடும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரே பெல் ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றி இருக்கும். அது கசிந்தால் கீழே சொட்டுவது பிரேக் ஆயிலாக இருக்கும், அப்போது இறக்குவதைத் தவிர வழியில்லை.

காற்றை எடுக்கும் முறை பிரேக்குக்குச் செய்வது போலத்தான். நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடுங்கள், மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை இப்படியே. மேலே டப்பா காலியாகவிடாதீர்கள், காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில் வகை டாட் 3 என்றால் 3, 4 என்றால் 4. இன்ஜின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ ஒரு துளி கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

வெளியே எல்லாம் சரி, ராடும் கையேட்டில் சொன்ன தூரம் நகர்கிறது, ஆனாலும் விடவில்லை என்றால் கோளாறு உள்ளேதான். வளைந்த பிளேட், துருவேறிய ஸ்பிளைன் (பிளேட் நகர்கிற, ஷாஃப்ட்டில் உள்ள பல்வரிசை), உடைந்த ஸ்பிரிங் விரல், வளைந்த ஃபோர்க், இறுகிப்போன பைலட் புஷ் (ஷாஃப்ட்டின் நுனியை இன்ஜின் பக்கம் தாங்குவது), இவற்றில் ஒன்று.

இதில் ஒரு விதிவிலக்கு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் திடீரென்று கியரே விழவில்லை என்றால், ஈரத்தில் பிளேட் பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். முன்னால் நல்ல காலியிடம் இருக்கும் மைதானத்தில், இன்ஜினை முதலில் நியூட்ரலில் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும். கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தினால், பல சமயம் "டக்" என்று பிளேட் விடுபடும். பிரேக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது.

பெடல் கல்லாக இருக்கிறது, அல்லது தரையிலேயே கிடக்கிறது

படிப்படியாகக் கனத்துக்கொண்டே வந்த பெடல் என்றால் கேபிள் உறைக்குள் துரு, அல்லது தேய்ந்த பிரஷர் பிளேட். கேபிளை ஃபோர்க்கிலிருந்து கழற்றி, தனியாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வந்தால் கனம் உள்ளே இருக்கிறது.

திடீரென்று தரையோடு போய்த் திரும்பாத பெடல் என்றால் கேபிள் அறுந்தது, அல்லது ஆயில் தீர்ந்தது. இரண்டுமே பார்த்ததும் தெரியும்.

கிளம்பும்போது உதறல்

முதல் கியரிலோ ரிவர்ஸிலோ மெதுவாக விடும்போது வண்டி முழுக்க உதறி, ஓட்டம் பிடித்ததும் நின்றுவிடும். இதற்குப் பிளேட்டைக் குறைசொல்லும் முன் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விட்டு மிதிக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம். இன்ஜின் துள்ளி எழுந்தால் மவுண்டிங் போய்விட்டது. உதறலில் பல இதிலேயே முடிந்துவிடும்.

மவுண்டிங் நன்றாக இருந்தால் மீதி வாய்ப்பு எண்ணெய் பட்ட பிளேட், அல்லது சூட்டில் திட்டுத் திட்டாக இறுகிய பிளைவீல்.

சத்தம்: எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது

நியூட்ரலில், ஐடிலிங்கில், ரேடியோவை அணைத்துவிட்டு உட்காருங்கள். பெடலில் கால் இல்லை. இப்போது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோடு சுற்றுகிறது. கரகரவென்று சத்தம் இருந்து, முழுக்க மிதித்ததும் அடங்கினால், மிதித்ததால் நின்றது அந்த ஷாஃப்ட்தான். ஆகவே சத்தம் அதன் பேரிங்கிலிருந்து வருகிறது. கிளட்ச் மாற்றினால் தீராது.

அமைதியாக இருந்து, விரல் கனத்துக்கு மிதித்த உடனே சீறல் ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். மிதி ஆழமாக ஆக ஆக அது கூடும். ஆனால் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கைத் தொட்டபடியே இருக்கும் அமைப்புகளும் உண்டு. அவற்றில் கெட்ட பேரிங் கால் வைக்காதபோதும் சலசலத்து, லேசாக மிதித்ததும் அடங்கலாம். அதனால் லேசாக மிதித்து நின்றதா, முழுக்க மிதித்து நின்றதா என்று பிரித்துக் கேளுங்கள்.

முழுக்க மிதித்து கியரில் நிற்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் பைலட் பேரிங். ஷாஃப்ட் நின்று, கிராங்க் சுற்றும்போதுதான் அதற்கு வேலை. முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் இது கிடையாது.

இறக்குவது என்று முடிவான பிறகு

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவைத்தால், அதற்காக இன்னொரு முறை முழு வேலையும் செய்ய நேரும். பழைய பிளேட்டை எறிவதற்கு முன் படியுங்கள். ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு லைனிங் மிச்சம் என்று அளந்தால் கதை தெரியும். பல கையேடுகளில் குறைந்தபட்ச அளவு 0.2 முதல் 0.5 மி.மீ.க்குள் இருக்கும். லைனிங் தாராளமாக இருந்தும் ஸ்லிப் ஆகியிருந்தால், நீங்கள் உண்மையான காரணத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பெல் ஹவுசிங்கில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊத வேண்டாம். துகள் தடுக்கும் முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஏற்றிய பிறகும் அதே கோளாறு

புது செட் போட்டும் கியர் விழவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளேட் திருப்பிப் போடப்பட்டிருப்பது. பிளைவீல் பக்கம் எது என்று பெரும்பாலும் அதிலேயே குறித்திருக்கும். ஏற்றும்போது கியர் பாக்ஸின் பாரத்தை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டிருந்தால் பிளேட் வளைந்திருக்கும். ஃபோர்க் அதன் குமிழிலிருந்து நழுவியிருக்கவும் கூடும், ஃபோர்க்கின் ரப்பர் பூட் வழியாக டார்ச் அடித்தால் தெரியும்.

புதுசிலேயே ஸ்லிப் ஆனால், பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெய்யைத் துடைக்காமல் போட்டிருக்கலாம், அல்லது ஸ்பிளைனுக்கு வைத்த கிரீஸ் அதிகமாகி லைனிங்கில் தெறித்திருக்கலாம். ஸ்பிளைனுக்கு மெல்லிய பூச்சு போதும். ஸ்லிப் ஆனாலும் சரி, கியர் விழாவிட்டாலும் சரி, இவை எதுவும் இல்லை என்றால் மறுபடி ஃப்ரீ பிளேயை அளந்து பாருங்கள். பழைய பிளேட்டின் தேய்மானத்துக்கு வைத்திருந்த அளவு புது பிளேட்டுக்குப் பொருந்தாது, கேபிளைப் புதிதாகத்தான் வைக்க வேண்டும்.